‘அம்மா இப்ப நல்லாச் சாப்பிடுறா’

எங்கள் தொடர்மாடியின் லிஃப்டுக்குள் கொஞ்சக் காலமாக ஊசிப் பேச்சுதான். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இருக்கும் பழைய கட்டடம் இது. லிஃப்ட் ஆறுதலாகத்தான் இறங்கும். மேலிருந்து கீழே வருவதற்குள் ஒரு வீட்டின் நோய்ச் சரித்திரம் முழுவதையும் கேட்டுவிடலாம். கட்டடத்தில் ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஓய்வு என்பது பேச்சுக்குத்தான்.

அன்றைக்கு என்னோடு இறங்கியவர் எதிர்வீட்டு ரஞ்சினி. உடம்பு குறைய வாராவாரம் போடும் அந்தப் புது ஊசியை டொக்டரிடம் காட்டிப் போடத் தொடங்கியிருந்தார்.

“ஸ்டெல்லா அக்கா, இப்ப பேக்கரியைத் தாண்டி நேர வாறன். உள்ளுக்க இருக்கிற றோல்ஸ் ஒண்டும் என்னைக் கூப்பிடுறேல்லை,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப இவ்வளவு காலமும் வாயைக் கட்டத் தெரியாதவள் எண்டு வீட்டில என்னைப் பேசினதெல்லாம் என்னத்துக்கு அக்கா?”

நான் பதில் தொடங்க முன் லிஃப்ட் கீழே வந்துவிட்டது. நான் வேலை செய்த கிளினிக்கின் இளம் நேர்ஸ்மாரும் ‘மிஸ், எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்க’ என்று கேட்டபடி இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது சொந்த அறிவு அல்ல. மூன்று பேரிடமிருந்து கிடைத்தது: ஒரு கிரேன்காரர், ஒரு டொக்டர், ஒரு ரீச்சர்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கத்தோலிக்கக் கோவில் மணியும் கப்பல் சங்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நேர்ஸ் பயிற்சியைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. விரிப்பை மூலை மடித்துச் சொருகப் பழகினேன், வலிக்காமல் ஊசி போடப் பழகினேன், நோயாளிக்கு முன்னால் அழாமல் இருக்கப் பழகினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் இன்றுவரை முழுதாகக் கைவரவில்லை.

பயிற்சி முடிந்து என்னை முதலில் போட்டது குடியை நிறுத்த வருகிறவர்களின் வார்டில். அம்மா தலையில் கைவைத்தார். “பொம்பளைப் புள்ளைய குடிகாரன் வார்ட்லயா போடுறது?” என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்க் கேட்டார். ஆனால் அந்த வார்ட் எனக்குப் படிப்பித்ததை வேறெந்த வார்டும் படிப்பித்திருக்காது.

காலையில் நான் செய்யும் முதல் வேலை கை பார்ப்பது. இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுவோம். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்போம். வெறும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். எவ்வளவு நடுங்குகிறது, வியர்க்கிறதா, சுவரில் இல்லாத பூச்சி ஏதும் தெரிகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் ஊசி. அந்த ஒழுங்கு மாறினால் மூளைக்குக் கேடு வரலாம். பிற்காலத்தில் நரம்பியல் கிளினிக்கிலும் கை நடுக்கம் பார்ப்பதே வேலையாகிப் போனது. மற்றவர்களின் கை நடுக்கத்தில் என் உத்தியோகம் முழுதும் கழிந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

அந்த வார்டுக்கு அடிக்கடி வந்துபோனவர் அல்போன்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வார்ட் சுவரில் யாரோ நல்ல மனசோடு ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அல்போன்ஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மிஸ்ஸி, அந்த மருந்து உங்க பார்மசியில இருக்கா?” என்று கேட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் அவர் கையில் தாளை வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

“எல்லாரும் கேக்குறாங்க மிஸ்ஸி, அதுல அப்படி என்ன ருசி கண்டேன்னு. ருசியா? இப்பல்லாம் வாயில வச்சா கசப்பு. புடிக்கவே இல்ல. ஆனா வேணும்.”

“புடிக்காட்டி ஏன் அண்ணே?”

“கிரேன்ல இருக்கிறப்ப கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். நிறுத்துன்னு காட்டுறான். எனக்கும் அது தெரியுது. லீவரை இழுக்குறேன். லீவர் நிக்க மாட்டேங்குது. அப்படித்தான்.”

நான் அப்போது சின்னப்பெண். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. அல்போன்ஸ் விழுந்தும் எழும்பியும் கடைசியில் குடியை விட்டார். நேர்த்திக்கடன் வைத்ததால் என்று அவர் மனைவி சொன்னார். கொடுத்த குளிசையால் என்று டொக்டர் சொன்னார். இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு பல வருசம் கோவிலில் பூசை முடிந்து கண்டால், கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். தாள் வைக்கத் தேவையில்லாத கை.

பல இடமாற்றங்களுக்குப் பிறகு நான் நரம்பியல் கிளினிக்குக்கு வந்தேன். அங்கே எங்களுக்குத் தலைமை டொக்டர் இனோக்கா. தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண், என்னைவிட வயது குறைந்தவர். கிளினிக் நாட்களில் உட்காரும் வாங்கில் இடமில்லாமல் சனம் வராந்தா முழுக்க நிற்கும். வேறு டொக்டர்மார் மேசையை விட்டு எழும்பாமல் ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுவிட்டு எழும்பிக் கதவடிக்குப் போய் நிற்பார். வாங்கிலிருந்து எப்படி எழும்புகிறார்கள், முதல் அடி தரையில் ஒட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது எந்தக் கை வீசாமல் இருக்கிறது என்பதையெல்லாம் அங்கேயே பார்த்துவிடுவார். “மனுசர் கதிரையில இருந்ததும் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கத் தொடங்கிடுவாங்க மிஸ்,” என்பார்.

பிறகு மேசையடியில் சோதனை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொல்லுவார். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வளைத்து, அது வழுக்கிப் போகிறதா, தடக்குத் தடக்கென்று இடறிப் போகிறதா என்று பார்ப்பார். ஒரு வசனம் எழுதச் சொல்லுவார்; பார்க்கின்சன் நோய்க்காரருக்கு எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் நோயாளியை நிற்கவைத்துப் பின்னாலிருந்து தோளை ஒரு இழுப்பு இழுப்பார். சமநிலை கெட்டவர் அப்படியே பின்னுக்குச் சாய்வார். சாய்கிறவரைத் தாங்கிப் பிடிக்க அவருக்குப் பின்னால் நான் நிற்பேன். கிளினிக்கில் என் முக்கியமான இடம் அதுதான்.

டொக்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையெழுத்து திருந்தும். சும்மா நாளில் கோழி கிளறியது போல இருக்கும் எழுத்து, ஒருவர் மருந்தில் பிழை விட்டிருந்தால் அச்சடித்த மாதிரி வரும். அவரது எழுத்து அழகாகத் தெரிந்தால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்போம். தமிழையும் கிளினிக்கில்தான் பிடித்தார். “கையைத் திறங்கோ, மூடுங்கோ” என்று தொடங்கி, கிழவிமாரோடு கதை பேசும் அளவுக்கு வந்துவிட்டார். வருகிற எல்லோரிடமும் முடிவில் சில கேள்விகள் கேட்பார்: நித்திரை எப்படி, பசி எப்படி, லொத்தர் சீட்டு கூட வாங்குகிறீங்களா, கடைக்குப் போனால் கண்டதையும் வாங்கத் தோணுதா. டொக்டர் பகிடி விடுகிறார் என்று சனம் சிரிக்கும். அவர் பகிடி விடவில்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் ஒரு வகைக் குளிசை சிலருக்கு இப்படி வேண்டாத ஆசைகளைக் கிளப்பும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்.

புவனேஸ்வரி ரீச்சர் அந்தக் கிளினிக்குக்குத்தான் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கணவர் இல்லை. வெள்ளவத்தையில் மகள் சுபாவோடு இருந்தார். சுபாவுக்கு வங்கியில் வேலை. ரீச்சர் சுத்த சைவம். வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி என்று ஒரு விரதமும் தப்பாது. அவருக்கும் பார்க்கின்சன்தான். வலது கை இறுகி, முகம் அசைவில்லாமல் போயிருந்தது. ஆனால் அவர் முறைப்பட்டது நடுக்கத்தைப் பற்றி இல்லை.

“கொழுக்கட்டை விளிம்பு பிடிக்க ஏலாமல் கிடக்கு டொக்டர். இந்தமுறை சதுர்த்திக்குக் கடையிலதான் வாங்கிப் படைச்சனாங்கள்,” என்றார். கடை என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

விளிம்பு பிடிக்கிறது என்றால் என்னவென்று டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஒரு டிஷ்யூவை அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மடிப்பு வைத்துக் காட்டினேன். டொக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்ப நாங்க இதைத்தான் திருப்பி எடுக்க வேணும்,” என்றார். ஒரு நோயாளிக்கு மருந்து எழுத முன் எதை மீட்கப் போகிறோம் என்று அவர் இப்படித்தான் முடிவு கட்டுவார். இரண்டு வகைக் குளிசை எழுதினார்.

சில மாதத்தில் கை திரும்பியது. ஒரு கிளினிக்குக்கு ரீச்சர் கொழுக்கட்டைப் பெட்டியோடு வந்தார். விளிம்பு மெஷினில் தைத்த மாதிரி இருந்தது. டொக்டர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இலையில் அவிக்கும் எங்கட ஹலப்பவைவிட நல்லம் என்றார். நான் பெட்டியை வாங்கத் தயங்கினேன். எங்கள் வீடு பழைய கத்தோலிக்க வீடு. சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று அம்மா எங்களை வளர்த்திருந்தார். ரீச்சருக்கு நான் சொல்லாமலே விளங்கிவிட்டது.

“யோசிக்காதையும் பிள்ளை. உமக்கெண்டு படைக்க முன்னமே புறம்பா எடுத்து வைச்சனான். பக்கத்து வீட்டு வேதக்காரருக்கும் நாங்கள் அப்பிடித்தான் குடுக்கிறது.”

அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு சதுர்த்தி வந்தால் எனக்கு ஒரு சின்னப் பெட்டி வரும், புறம்பாக எடுத்து வைத்தது.

அடுத்தடுத்த கிளினிக்குகளில் டொக்டர் பசி எப்படி என்று கேட்பார். ரீச்சர் வாய் திறக்க முன் சுபா சொல்லிவிடுவார்.

“அம்மா இப்ப நல்லாச் சாப்பிடுறா டொக்டர்.”

எங்கள் சனத்திடம் இதைவிடச் சந்தோசமான செய்தி இருக்கிறதா? படுக்கையில் கிடக்கும் ஆளைப் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, சாப்பிடுறாரோ என்றுதான். சாப்பிடுகிறார் என்றால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். உடம்பு நிறை கூடியிருந்தது, நான் எழுதினேன், முகம் தெளிஞ்சிருக்கு ரீச்சர் என்றும் சொன்னேன். டொக்டருக்கும் அந்தப் பதில் நல்ல பதிலாகத்தான் கேட்டது. லொத்தர் கேள்விக்கு ரீச்சர் தலையை ஆட்டி இல்லை என்றார். சாப்பாட்டுக் கேள்விக்கு மகள் பதில் சொல்லும்போதெல்லாம் ரீச்சர் குனிந்து தன் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கை நன்றாக வேலை செய்கிறதே என்று நாங்கள் சந்தோசப்பட்டோம்.

பிறகு ரீச்சர் வருவது நின்றது. கொழுக்கட்டை ரீச்சர் எங்கே என்று டொக்டர் கேட்டார். போன் எடுத்தேன். “அம்மாவுக்கு வர விருப்பமில்லையாம் மிஸ்ஸி. கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் சுபா. குரலில் ஒரு களைப்பு இருந்தது.

கந்தசஷ்டி நாட்களில் ஒரு பின்னேரம், கிளினிக் முடிகிற நேரத்தில், ரீச்சரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். உடம்பு மரக்கட்டையாக இறுகியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரத்தால் வடிந்தது. கண் மட்டும் எங்களை அடையாளம் கண்டது.

“விரதம் டொக்டர்,” என்றார் சுபா. “குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு போடுறதல்லோ. சாப்பாடு இல்லாதபடியால் குளிசையும் இல்லையெண்டிட்டா. ஒவ்வொரு வருசமும் பாலும் பழமும் எடுக்கிறவா. இந்தமுறை தண்ணி மட்டும்தான்.”

விரத நாளில் குளிசையை விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் இந்த நோய்க்குக் கொடுக்கும் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டொக்டர் நின்றபடியே கட்டளைகளை எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இந்த முறை அவருக்கு யாரில் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

வார்டில் சேர்த்தோம். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி, அது வயிற்றுக்குள்தான் நிற்கிறது என்று உறுதிசெய்துவிட்டு, குளிசையைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து விட்டோம். பின்னால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினோம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துச் சூட்டை இறக்கினோம். இரத்தமும் சிறுநீரும் திரும்பத் திரும்பச் சோதனைக்குப் போயின. கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விட்டது. காய்ச்சல் இறங்கியது. குழாயையும் எடுத்தோம். உயிர் தப்பியாச்சு என்று நான் நினைத்தேன்.

ஆனால் ரீச்சர் சாப்பிட மறுத்தார். சுபா கஞ்சியை ஊட்டப்போனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். குளிசைக்கும் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் இறுகத் தொடங்கினால் இன்னொரு முறை தாங்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டொக்டர் கட்டிலடிக்கு வந்தார்.

“ரீச்சர், பசி எப்படி?” என்றார்.

“இப்பதான் டொக்டர் இப்பிடி. முந்தி அம்மா நல்லாச் சாப்பி...” என்று சுபா தொடங்கினார்.

டொக்டர் கையை மெல்ல உயர்த்தினார். “சுபா, கன்டீனில எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தருவீங்களா?”

இத்தனை வருசத்தில் அவர் ஒரு நோயாளியின் ஆளிடம் தேநீர் கேட்டு நான் பார்த்ததில்லை. சுபா ஓடினார். டொக்டர் என்னிடம் சிங்களத்தில், “எனக்கும் சொல்ல மாட்டார். நீங்கள் இருங்கள் மிஸ்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ரீச்சரின் சுவர் பக்கமாக உட்கார்ந்தேன். இனி முகத்தைத் திருப்ப அவருக்குச் சுவர் இல்லை. ஒன்றும் கேட்காமல் அவர் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். கடைசியில் அவரே சொன்னார்.

“சாமிக்குப் படைக்க முன்னம் நான் எடுத்துச் சாப்பிட்டிட்டன் பிள்ளை.”

சதுர்த்தியன்று கோவிலுக்குக் கொண்டுபோகக் கொழுக்கட்டை அவித்து, வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தார். எனக்கென்று ஒரு பங்கைப் புறம்பாக எடுக்கப் போனார். அது படைக்காத பங்குதானே என்று அதில் ஒன்றை வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. என் பங்கு முடிந்தது. கை அடுத்த பாத்திரத்துக்குப் போனது. குளித்துவிட்டுச் சுபா குசினிக்குள் வந்தபோது பாத்திரத்தில் பாதி இல்லை.

“அவள் ஒண்டும் பேசேல்லை. மிச்சத்தை எடுத்துக் கொட்டிப்போட்டு வாழைப்பழத்தோட கோவிலுக்குப் போனாள். பேசியிருக்கலாம். அண்டையில இருந்து நான் சாமி அறைக்குள்ள போறேல்லை பிள்ளை. அதுக்கு முந்தியும் எத்தினை நாள் ஒளிச்சுச் சாப்பிட்டனான் தெரியுமே. அலுமாரிக்குள்ள பிஸ்கட் வைச்சுச் சாப்பிட்டனான். விரதத்திலையும் சாப்பிட்டனான். இந்த வயசில இறைச்சி றோல்ஸும் வாங்கித் திண்டனான் எண்டு ஆரிட்டைச் சொல்லுறது? தண்ணி விரதம் இருந்து இந்த வயித்தைத் தண்டிப்பம் எண்டுதான்...”

“அவ்வளவு ஆசையா இருந்துச்சா ரீச்சர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். படிப்பித்த மனிசி; கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்ற பழக்கம் போகவில்லை.

“ஆசை இல்லைப் பிள்ளை. ருசியும் தெரியிறேல்லை. பிடிக்கவும் இல்லை. ஆனா வேணும்.”

எத்தனையோ வருசத்துக்கு முன், வேறொரு வார்டில், கையில் தாளோடு இருந்த ஒரு கிரேன்காரர் சொன்ன அதே வார்த்தை. பேச்சுவழக்கு மட்டும்தான் வேறு. வாழ்நாளில் சாராயப் போத்தலைக் கண்ணாலும் பார்த்திராத மனையியல் ரீச்சரின் வாயிலிருந்து அல்போன்ஸ் பேசினார். லீவரை இழுக்கிறேன், நிற்கவில்லை என்றார்.

டொக்டர் ஆறிப்போன தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். பின்னால் சுபா. நான் எழும்பிப்போய் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். “நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன் மிஸ். அவர்களும் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். நல்ல செய்தி என்று நினைத்தோம்,” என்றார். பிறகு கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, ஒருநாளும் செய்யாத வேலையாகக் கட்டிலிலேயே உட்கார்ந்து ரீச்சரின் கையைப் பிடித்தார்.

“ரீச்சர். அது நீங்க இல்ல. அது என்ட மருந்து.”

ரீச்சருக்கு விளங்கவில்லை. டொக்டர் தன் தமிழில் ஆறுதலாகச் சொன்னார். இடறிய இடத்தில் நான் கை கொடுத்தேன். மூளையில் டோப்பமின் என்று ஒரு இரசாயனம் இருக்கிறது. ஒரு இடத்தில் அது குறைந்தால் கை கால் இறுகும். வேறு இடத்தில் அதே இரசாயனம்தான் எழும்பு, போ, எடு என்று ஆளைத் தள்ளுகிறது. ருசி அறிகிற வேலை அதனுடையது இல்லை; தள்ளுகிற வேலைதான் அதனுடையது. டோப்பமின் மாதிரியே நடிக்கிற ஒரு குளிசையை நாங்கள் கைக்காகக் கொடுத்தோம். ஆனால் விலாசம் எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் என்ன செய்வார்? ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டிலும் போட்டுவிட்டுப் போனார். கை வீட்டுக்கு நல்ல செய்தி போனது. பசி வீட்டில் கலவரம். குடிக்கிறவருக்கு அந்த வீட்டைச் சாராயம் கிளப்புகிறது. உங்களுக்கு என் குளிசை கிளப்பியது. எல்லோருக்கும் இப்படி வராது, உங்களுக்கு வந்துவிட்டது.

ரீச்சர் டொக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அப்ப நான் கெட்டுப் போகேல்லையோ?” என்றார்.

வாசலில் நின்ற சுபா அழத் தொடங்கினார். “அம்மாவுக்கு மூளை மாறுதெண்டு நினைச்சனான் மிஸ்ஸி. அம்மாவை நான் பார்த்த பார்வை,” என்று சொல்லி முடிக்க முடியாமல் நின்றார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தேநீரைப் பார்த்தேன். அழாமல் இருக்கும் படிப்பில் அன்றைக்கும் சித்தியடையவில்லை.

டொக்டர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தலாம், பசி அடங்கும். மற்றக் குளிசையைக் கூட்டிப் பார்க்கலாம்; ஆனால் கை முன்போல இருக்கும் என்று சொல்ல முடியாது. விளிம்பு பிடிக்க முடியாமல் போகலாம். முடிவு ரீச்சருடையது.

“கொழுக்கட்டை விளிம்பு ஆரும் பிடிக்கலாம் டொக்டர்,” என்றார் ரீச்சர். “படைக்கும்வரைக்கும் அதைத் தொடாமல் இருக்கிறதுக்கு நான்தான் வேணும்.”

சொல்லிவிட்டுச் சுபாவைப் பார்த்து வாயைத் திறந்தார். அன்றைய கஞ்சியும் குளிசையும் உள்ளே போயின.

குறைக்கிறது லேசான காரியமாக இருக்கவில்லை. குடியை விடுகிறவர் படும் பாட்டில் ஒரு பங்கை ரீச்சரும் பட்டார். நித்திரை இல்லை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. “இதுவும் மருந்து விலகிற வேலைதான், நீங்க இல்ல,” என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சொன்னார். பிறகு ஒரு கிளினிக்கில் சுபா கதவடியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “மிஸ்ஸி, அம்மா இப்ப கொஞ்சமாத்தான் சாப்பிடுறா.” தாய் குறையச் சாப்பிடுகிறாள் என்று ஒரு மகள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு டொக்டர் தன் கேள்வியை மாற்றினார். கூட வந்தவரை வெளியே இருத்திவிட்டு, நோயாளியைப் பார்த்து, “சாப்பிட்டா போதும் எண்டு வருதா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்ல முடியாது. இப்போதும் அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள் என்று இளம் நேர்ஸ்மார் சொல்கிறார்கள். பிள்ளைகளே, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரஞ்சினிக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. போதும் என்பது மனம் மட்டும் சொல்லும் சொல் இல்லை. குடலிலிருந்தும் மூளைக்குள்ளிருந்தும் வரும் செய்தி அது. சிலருக்கு உரக்கக் கேட்கும், சிலருக்குக் காதில் விழாது. ரஞ்சினி, உம்முடைய ஊசி அதைக் கொஞ்சம் உரத்துச் சொல்லுகிறது, அவ்வளவுதான். உம்மைப் பேசியவர்களுக்கு அது இயல்பாகவே கேட்டிருக்கிறது. கேட்கிற காதுக்காக அவர்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். உம்மைப் பேசியிருக்க வேண்டியதில்லை. அல்போன்சைப் பார்த்துச் சிரித்த எங்கள் வார்டுக்கும் இது பொருந்தும். அவர் கேட்ட மருந்து அப்போது எங்கள் பார்மசியில் இருக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தை மட்டும் என்னிடம் பத்திரமாக இருந்தது, ஒரு உயிருக்கு உதவியது. அவர் காலமாகிவிட்டார். அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, காரணத்தைச் சாமியாருக்குச் சொன்னேன். சாமியார் நன்றாக விளங்கின மாதிரித் தலையாட்டினார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய சதுர்த்தியோடு ஒட்டி வந்த கிளினிக்கில் ரீச்சர் பெட்டியோடு வந்தார். மகளின் கையைப் பிடித்துச் சின்னச் சின்ன அடியாக நடந்து வந்தார். டொக்டர் கதவடியில் நின்று அந்த நடையை முழுக்கப் பார்த்தார். சுபா தானாகவே வெளியே வாங்கில் போய் இருந்துகொண்டார்.

ரீச்சர் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். விளிம்புகள் கோணல்மாணலாக இருந்தன. சிலது வாயைப் பிளந்து உள்ளே பயறும் சர்க்கரையும் தெரிந்தது.

“ஸ்டெல்லாப் பிள்ளை, இந்தமுறை உமக்கெண்டு புறம்பா எடுத்து வைக்கேல்லை. படைக்க முன்னம் நான் ஒண்டிலையும் கை வைக்கிறேல்லை எண்டு முடிவு. இது எல்லாம் படைச்சது. உமக்குச் சாப்பிட ஏலாட்டி நான் கோவிக்க மாட்டன்.”

அம்மாவின் முகம் ஒருதரம் வந்து போனது. சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். பயறு என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. டொக்டர் இரண்டு எடுத்தார். பெட்டியை ரீச்சர் பக்கம் நகர்த்தி, “நீங்களும் ஒண்டு எடுங்க ரீச்சர்,” என்றேன்.

“படைச்சாப் பிறகு வீட்டில ஒண்டு சாப்பிட்டனான் பிள்ளை. போதும்.”

சொல்லிவிட்டு மூடியை எடுத்துப் பெட்டியை மூடத் தொடங்கினார். மூடி பொருந்த அந்தக் கைக்குக் நெடுநேரம் பிடித்தது. வெளியே சனம் வராந்தா முழுக்க நின்றது. டொக்டரும் நானும் உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.